சங்கத் தலைவரும் சம்பு விருந்தும்

ஜூன் 22, ஞாயிறு

இன்று காலை எங்கள் 'ஏரிமுகம்' அடுக்ககத்தின் வாசலில் புதுப் பலகை மாட்டினோம். பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. 'இந்த வளாகத்திலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஏரிக்குச் செல்வதில்லை. இப்படிக்கு, தெய்வசிகாமணி, தலைவர், குடியிருப்போர் நலச் சங்கம்.' வாசகம் என்னுடையது. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வந்தவர்களுக்கு மறுப்புக் கடிதம் எழுதியே தலை நரைத்தவன் நான். எந்தச் சொல் எவ்வளவு கனம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் 'பசுமை அடுக்ககம்' விருதுக்கு நடுவர் வருகிறார். எங்களுக்கும் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் அடுக்ககத்துக்கும்தான் போட்டி. அவர்கள் வாசலில் பலகை கிடையாது.

செயலாளர் வின்சென்ட் அண்ணாந்து படித்துவிட்டு, "தலைவரே, ஒரு சொட்டுன்னு போட்டது கரெக்ட்டு. நம்மது சொட்டாவா போகுது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வளாகத்தின் சுத்திகரிப்பு எந்திரம் பொங்கல் சமயத்தில் பழுதாகி இன்றுவரை ஓய்வில் இருப்பது அவருக்கும் எனக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் மட்டுமே தெரிந்த நிர்வாக விஷயம். தோட்டத்துக்குப் பின்னால் ஏரிக்குள் இறங்கும் குழாய் ஒரு தற்காலிக ஏற்பாடு. இதையெல்லாம் வாசலில் நின்று பேசக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

சி பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மிருதுளா என்ற பெண் பார்க்க வந்தாள். கணினி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். ஓய்வு நேரத்தில், யாரும் பயிரிடாமல் தானாக முளைக்கும் கீரை, கிழங்குகளைப் பறித்துச் சமைத்துப் படம்பிடித்துப் போடுகிறாள். அதைப் பார்க்க ஊர்ப்பட்ட கூட்டம் இருக்கிறதாம்.

"அங்கிள், உங்க போர்டப் பாத்துதான் இந்த வீட்டையே எடுத்தேன். சிட்டிக்குள்ள இப்படி ஒரு சுத்தமான ஏரி எங்க இருக்கு?" என்றாள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் குனிந்தது. ஏரிக்கரையில் ஆளுயரம் வளர்ந்து, கம்பங்கதிர் மாதிரி பழுப்புக் கதிரோடு நிற்கிறதே சம்பு, அதைப் பறித்துச் சமைக்கப் போகிறாளாம். அடித்தண்டு, கிழங்கு, பச்சைக் கதிர், பூந்தாது எல்லாமே தின்னலாமாம். நம் பின்பக்கம் மட்டும் அது காடாக மண்டிக் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். ஏன் அங்கே மட்டும் அப்படி மண்டுகிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"தண்ணில பாம்பு இருக்கும்மா" என்றேன்.

"முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வெச்சிருக்கேன் அங்கிள்."

அதற்கு மேல் என்ன சொல்ல? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு இருக்கும் ஒரே பதில் வாசலில் மாட்டிய பலகைக்கு நேர் எதிர். அனுமதி கொடுத்தேன். வளாகத்தின் பசுமை நடவடிக்கைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

ஜூன் 26, வியாழன்

கோமளமும் போய்விட்டாள்!

மனைவியை ஏரிக்குப் போகாதே என்று சொல்லவும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. மூட்டுவலி என்றேன். "மூட்டு என்னுது, எனக்குத் தெரியாதா" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு. கையில் ஒரு கட்டுத் தண்டு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனபின் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சங்க வேலையில் எங்கே கவனித்தேன் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

வெங்காயத்தாளை உரிப்பது போல மேல்மடல்களை ஒவ்வொன்றாக உரித்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று குருத்து. மோரில் நறுக்கிப் போட்டு, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகு அரைத்து விட்டுக் கூட்டு செய்தாள். வாசனை ஹாலுக்கு வந்து என் நாற்காலியைச் சுற்றியது. வயிறு சரியில்லை என்று சொல்லி மோர்சாதம் கேட்டேன்.

"வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்குங்க. ஒரு வாய் பாருங்களேன்."

அவள் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் கொதிக்கவைத்திருந்தாள். கொதித்தால் கிருமி சாகும். கிருமி அல்லாத மற்றவற்றைப் பற்றி நான் படித்ததில்லை, படிக்கும் உத்தேசமும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

சஷ்டி. விரதம்.

ஜூலை 2, புதன்

மிருதுளா போட்ட படத்தில் கோமளம் வருகிறாள். "கோமளா ஆன்ட்டியின் சம்புக்கதிர் வறுவல்." பச்சைக் கதிரைச் சோளக்கருது போல வேகவைத்து, மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி வறுக்கிறாள். பின்னணியில் எங்கள் பலகை நன்றாகத் தெரிகிறது. என் பெயரும் தெரிகிறது. லிஃப்டில் ஏ பிளாக் பெண்கள் என்னைப் பார்த்து, "நீங்க கோமளா ஆன்ட்டி வீட்டுக்காரர்தானே?" என்றார்கள். ஆறு வருடம் தலைவராக இருப்பவனை!

ஜூலை 5, சனி

நேற்றிலிருந்து கோமளத்துக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் அவளைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வெளியில பானிபூரி" என்றேன்.

ஆட்டோவில் வரும்போது அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, "நான் எப்பங்க பானிபூரி சாப்ட்டேன்?" என்றாள். ஜுரத்தில் மறந்துபோயிருக்கும் என்றேன். ஜுரம் இல்லை என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

அவளுக்கு உப்புச் சர்க்கரை கரைசல் கலந்து கொடுத்தேன். கைகள் சில்லிட்டிருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதியே ஆகவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஏகாதசி. விரதம். கோமளம் கஞ்சி குடித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

பிரதோஷம். கோமளம் தேறிவிட்டாள். தேறிய கையோடு ஏரிக்கும் போய்விட்டாள். என் விரதங்களைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். "சிவராத்திரி அன்னிக்கே வடை எங்கேன்னு கேப்பீங்க. இப்ப என்ன திடீர்னு பக்தி?" என்றாள். வயது ஆகிறதல்லவா என்றேன்.

ஜூலை 9, புதன்

விரதங்கள் என்னைக் காப்பாற்றும். அவளைக் காப்பாற்றாது. காலை நடைப்பயிற்சியில் யோசித்துக்கொண்டே மார்க்கெட் பக்கம் போனேன். வாழைத்தண்டு வாங்கினேன். அவள் குளிக்கப் போன நேரத்தில், குளிர்சாதனப் பெட்டியில் மோரில் ஊறிக்கொண்டிருந்த சம்புத்தண்டைக் கீழே குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, வாழைத்தண்டை நறுக்கி அதே மோரில் போட்டேன். விரலில் சின்ன வெட்டு. காய் நறுக்குவது இத்தனை சிரமமான வேலை என்று இதுவரை எனக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை.

சாப்பாட்டின் நடுவே கோமளம் வாயிலிருந்து ஒரு நாரை இழுத்தாள். நீளமாக வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள்.

"இன்னிக்கி சம்புல நார் வருது" என்றாள்.

"முத்தினதா இருக்கும்."

"ம்" என்றாள். நான் நிம்மதியாக, இந்த வாரத்தில் முதல்முறையாக, வயிறாரச் சாப்பிட்டேன். விரதத்துக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சங்கடஹர சதுர்த்தி. பெயருக்கேற்ற நாள்.

செயற்குழுக் கூட்டத்துக்கு மிருதுளா அழையாமலே, கோமளத்தையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு யோசனை சொன்னாள். விருதுக்கு நடுவர் வரும் அன்று, ஏரியிலிருந்தே பறித்த சம்புவில் விருந்து வைக்கலாம். "போர்டு என்ன அங்கிள் போர்டு, யார் வேணும்னாலும் மாட்டலாம். நம்ம ஏரில வெளஞ்சத நாமளே சாப்பிட்டுக் காட்டினா அதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வின்சென்ட் தட்டும் சத்தம் கேட்கவில்லை. கைகள் மட்டும் அசைந்தன.

சம்பு ஏதாவது கிராமத்துக் குளத்திலிருந்து வரவழைக்கலாமே, தரமாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன். "தலைவர் அடக்கத்துக்கு அளவே இல்லை" என்றார் பி பிளாக் உறுப்பினர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் மிருதுளா. வழிமொழிந்தவர் கோமளவல்லி தெய்வசிகாமணி.

ஜூலை 18, வெள்ளி

வின்சென்ட்டும் நானும் மொட்டை மாடியில் தனியாக ஆலோசித்தோம். விருந்து முடியும்வரை பின்பக்கக் குழாயை மூடிவைப்பது என்று முடிவு. ஒன்பது நாளில் ஏரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது வின்சென்ட்டின் கருத்து. "இயற்கைக்கு அந்த சக்தி உண்டு தலைவரே. நான் ஒரு வீடியோவுல பாத்தேன்."

எந்த வீடியோ என்று கேட்டேன். மிருதுளாவினுடையதாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. விரதம். கார் நிறுத்தும் தளத்தில் ஏதோ ஒரு வாசனை என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. எலி செத்திருக்கும் என்று பதில் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

எலி இல்லை. கார் நிறுத்தும் தளத்தில் கணுக்கால் அளவு நிற்கிறது. என்ன நிற்கிறது என்று எழுதப் போவதில்லை. ஒருவருடைய புதுக் கார் அதில் நின்றது. குழுவில் என் பெயருக்கு முன்னால் அவர் போட்ட அடைமொழியையும் எழுதப் போவதில்லை.

குழாயைத் திறந்துவிட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் தளம் காய்ந்துவிட்டது. "தலைவரின் துரித நடவடிக்கைக்கு நன்றி" என்று குழுவில் கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. இத்தனை தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒருவராவது கேட்டாரா? இல்லை. நான் தனியாள் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோமளம் கோவிலுக்குப் போய்விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். டிவியை அணைத்தாள்.

"ஏங்க, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"எதப் பத்தி?"

"எதப் பத்தியாவது."

விருந்துக்கு இருநூறு பேர், பந்தியில் முதல் வரிசையில் குழந்தைகள், மேளம் வேண்டாம், நாதஸ்வர ரெக்கார்டு போதும் என்று விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "குழந்தைங்களா, முதல் வரிசையில?" என்று மட்டும் கேட்டாள். நான் டிவியைப் போட்டேன்.

ஜூலை 26, சனி

வின்சென்ட்டுக்கு நாளைக்குப் பல் பிடுங்குகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் கடை திறக்கிறார் என்று கேட்டேன். அவசரப் பல் என்றார்.

நாளைக்கு எந்த விரதமும் இல்லை. பஞ்சாங்கத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சமுதாயக் கூடத்தில் வாழையிலை போட்டுப் பந்தி. நடுவர் நீலாயதாட்சி அம்மையார், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை, நேரத்துக்கு வந்தார். சம்புவின் பெருமைகளைப் பேசினார். தண்ணீரில் இருக்கும் அழுக்கையெல்லாம் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும் அற்புதமான செடி என்றார். "அதனாலதான் இதைக் கண்ட கண்ட எடத்துல பறிச்சுச் சாப்பிடக் கூடாது. இந்த மாதிரி சுத்தமான ஏரின்னா கவலையே இல்லை" என்று என்னைப் பார்த்துக் கைதட்டினார். கூடம் முழுக்கத் தட்டியது. வின்சென்ட் கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தார், நாற்காலியில்கூட உட்காரவில்லை.

இலையில் சம்புத்தண்டு மோர்க்கூட்டு, கதிர் வறுவல், கிழங்கு மாவில் அடை, பூந்தாது கலந்த மஞ்சள் பணியாரம். எல்லாவற்றையும் கோமளம் மேற்பார்த்திருந்தாள். சமைத்தவர்களும் உட்கார வேண்டும் என்று நடுவர் வற்புறுத்தியதால் என் பக்கத்து இலையில் அவள். எதிர் வரிசையில் குழந்தைகள். ஒரு பையன் பணியாரத்தை எடுக்கப் போனான். "தலைவர் முதல்ல, அப்புறம்தான் நாம" என்று அவன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். ஆறு வருடமாக எல்லாப் பந்தியிலும் நான் கொண்டுவந்திருந்த ஒழுங்கு அது. மிருதுளா கேமராவோடு நின்றாள். வரவேற்புரைக்காக என் சட்டையில் மாட்டிய சின்ன மைக் அப்படியே இருந்தது.

இருநூறு பேர் என் கையைப் பார்த்தார்கள். என் கை கூட்டைப் பிசைந்தது. பிசைந்துகொண்டே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

அப்போது கோமளம் தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். எடுத்த கையை முகத்துக்கு நேராக நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. சாப்பிடலாமா?"

சாதாரணமாகக் கேட்கிற கேள்வி மாதிரிதான் கேட்டாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்த முகம் அது. கை இன்னும் கொஞ்சம் வாயருகே போயிற்று. சாப்பிடுவாள். நான் சாப்பிடலாம் என்று சொன்னால் அவள் சாப்பிட்டுவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வேண்டாம் கோமளம்" என்றேன்.

அவளுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னேன். நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் அதைக் கூடத்துக்கே சொல்லின.

நடுவர் கண்ணாடியை இறக்கி, "ஏன் வேண்டாம்?" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து வின்சென்ட், கன்னத்துப் பஞ்சைத் துப்பிவிட்டு, "உப்பு! உப்பு ஜாஸ்தியாயிடுச்சு! அதான் தலைவர் வேண்டாங்கிறார்! எல்லாரும் எலைய மூடுங்க, ஓட்டல்ல சொல்லியிருக்கு!" என்று கத்தினார். பிடுங்கிய பல்லோடு அவ்வளவு தெளிவாகப் பேசியது யாருக்கும் உறைக்கவில்லை. அருமையான வழி அது. யாருக்கும் நஷ்டமில்லை. பலகை இருக்கும், விருது வரும், குழந்தைகள் ஓட்டல் சாப்பாடு சாப்பிடுவார்கள். நான் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். இழப்பீட்டுத் துறையில் இருந்தபோது இப்படி ஒரு காரணம் கிடைத்தால் அன்றைக்கே கோப்பை மூடிவிடுவேன்.

"உப்பு நான் போட்டது" என்றாள் கோமளம். அதுவும் என் மைக்கில் கேட்டது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு மாதமாக அவளோடு லிஃப்டில் நின்று பேசிய ஏ பிளாக் பெண்கள், அவள் கை ருசியைக் கொண்டாடியவர்கள், இப்போதே உதட்டைப் பிதுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மேற்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை, சத்தியம். உப்பு சரி என்றால் வேறு என்ன சரியில்லை என்று அவர்களே யோசிக்கத் தொடங்கினார்கள். முதலில் யோசித்து முடித்தவள் மிருதுளா. கேமராவைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வோர் அம்மாவாகக் குழந்தையின் கையை இலையிலிருந்து இழுத்தார்கள். புதுக் கார்க்காரர், "அன்னிக்கு அந்தத் தண்ணி எங்கடா போச்சு?" என்று கூவினார். கேட்டுவிட்டார், ஒருவராவது.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று அவசரப் பொதுக்குழு. என்னை நீக்கிவிட்டார்கள். வின்சென்ட் இடைக்காலத் தலைவர். எந்திரத்தை உடனே பழுதுபார்க்கவும், குழாயை அடைக்கவும் தீர்மானம். குழாய் விஷயம் முன்னாள் தலைவரின் தனிப்பட்ட முடிவு என்றும் ஒரு தீர்மானம். அதையும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

விருது எதிர்க்கரை அடுக்ககத்துக்குப் போயிற்று. அதன் தலைவர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். வைப்பதற்கு முன், "ஆமா சார், நீங்க யார வெச்சுக் குழாயை அடைக்கிறீங்க? நம்பர் இருந்தா கொடுங்களேன், ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றார்.

மிருதுளா வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "ஒரு மாசமா சாப்பிட்டேன் அங்கிள். நான் சாப்பிடறதப் பாத்துட்டே இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பதில் எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

இன்று காலை பரிசோதனை நிலையத்தில் கோமளத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈயம், இன்னும் என்னென்னவோ உலோகம் எல்லாம் பார்ப்பார்களாம். முடிவு வர நாலு நாள் ஆகும். பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விருந்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், பேசவில்லை. நான் சங்க விதிகள், எந்திரத்தின் நிலைமை, அப்போது இருந்த சூழ்நிலை என்று விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத்தன வருஷத்துல என் சமையல் சரியா இருக்குன்னு அன்னிக்குத்தான் உங்க வாயால கேட்டேன்" என்றாள். "அதுவும் ஒரு வாய் சாப்பிடாமயே."